கைக்கு மெத்தென்று இருப்பதை நம்ப வேண்டாம்: சென்சிட்டிவ் தோலும் அந்தரங்க டாய்களும்

எதைப் போட்டாலும் சிவக்கிற, அரிக்கிற தோல் உள்ளவர்கள் அந்தரங்க டாய் (வைப்ரேட்டர் போன்ற பாலின்பக் கருவி) வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் கை தானாகப் போவது மெத்தென்று இருப்பதன் பக்கம்தான். ஜெல்லியாக வளையும், அழுத்தினால் அமுங்கும், ‘நிஜத் தோல் போலவே’ என்று அட்டையில் எழுதியிருக்கும். மென்மையான தோலுக்கு மென்மையான பொருள் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. என் அனுபவத்தில் இது நேர் எதிர். கைக்கு மெத்தென்று இருக்கும் அந்த ஜெல்லிதான் நம் தோலுக்குப் பெரும்பாலும் ஆகாது, தொட்டால் கெட்டியாகவும் சில்லென்றும் இருக்கும் கண்ணாடி ஒரு தொந்தரவும் செய்யாது. விரல் நுனி சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது எந்தப் பொருளால் ஆனது, அதன் மேல் என்ன தடவுகிறோம், எதைப் போட்டுக் கழுவுகிறோம் என்ற மூன்றையும் பாருங்கள் என்பதைத்தான் இதில் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

என் தோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுடையதும் இதே வகையா என்று நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் கரப்பான். வளர வளர அது அடங்கிவிட்டது, ஆனால் தோலின் சுபாவம் மாறவில்லை. கவரிங் கம்மல் போட்டால் சாயங்காலத்துக்குள் காது மடல் நீர் கோத்துக்கொள்ளும். ஜீன்ஸ் பொத்தான் படுகிற இடத்தில் தொப்புளுக்குக் கீழே கறுத்துத் தடித்திருக்கும். நகத்தால் லேசாகக் கீறினால் கோடு அப்படியே எழும்பி நிற்கும். குழந்தை பிறந்து பால் கொடுத்த காலத்தில் இதோடு வறட்சியும் சேர்ந்துகொண்டது, அந்தச் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருப்பதால் நிறையப் பேருக்கு அப்படி ஆகும். நானும் வீட்டுக்காரரும் பேசித்தான் ஒரு சின்ன வைப்ரேட்டர் வாங்கினோம். உடம்பின் மற்ற இடத்துக்கும் அந்த இடத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கை கால் தோலில் இருக்கும் கெட்டியான மேலடுக்கு யோனி வாயிலிலும் உள்ளேயும் கிடையாது, இருப்பது ஈரமான சவ்வு. கையில் ஒன்றும் செய்யாத ஒரு பொருள் அங்கே எரிவதற்கு இதுவே போதும்.

ஆன்லைனில் ஆர்டர் செய்தபோது விற்பவர் பக்கத்தில் ‘மெடிக்கல் கிரேடு சிலிக்கோன்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பெட்டியைத் திறந்தவுடன் புது ரெயின்கோட் வாடை. சுற்றியிருந்த காகிதத்தில் எண்ணெய்க் கறை. தொட்டால் விரலில் லேசாக ஒட்டியது. கழுவிவிட்டு உபயோகித்தோம், கொஞ்ச நேரத்திலேயே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. “வலிக்குதா?” என்று கேட்டார். “வலி இல்லைங்க, மிளகாய் பட்ட மாதிரி எரியுது” என்றேன். உடனே நிறுத்திவிட்டோம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எரிச்சல் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது, அல்லது அவர் மனசு கஷ்டப்படுமே என்று சொல்லாமல் இருப்பது, இரண்டும் வேண்டாம். எரிகிற சவ்வைத் தொடர்ந்து உரசினால் மறுநாள் சிறுநீர் கழிக்கும்போதுகூடக் கத்துகிற அளவுக்குப் புண்ணாகிவிடும்.

அந்த ரெயின்கோட் வாடைக்குக் காரணம் இருக்கிறது. பிவிசி என்பது இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக், வீட்டுத் தண்ணீர்க் குழாய் செய்வது அதில்தான். அதை ஜெல்லியாக வளைய வைக்க மிருதுவாக்கிகளைக் கலக்கிறார்கள், அதில் ரொம்பக் காலமாகப் புழங்கி வந்தது ஃப்தாலேட் எனும் வகை. இவை பிளாஸ்டிக்கோடு ரசாயனமாகப் பிணைந்து இருப்பதில்லை, சும்மா கலந்து கிடக்கின்றன, அதனால் மெதுவாக வெளியே கசியும். அந்தக் காகிதத்தில் இருந்த எண்ணெய்க் கறை அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். குழந்தைகளின் பொம்மைகளில் குறிப்பிட்ட சில ஃப்தாலேட்கள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் நிரந்தரச் சட்டம் போட்டது, அமெரிக்கா 2008இல் போட்டது. பெரியவர்கள் உடம்புக்குள்ளேயே வைக்கிற டாய்கள் அந்தப் பொம்மைச் சட்டத்துக்குள் வரவில்லை. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2006இல் இந்த டாய்களில் உள்ள ரசாயனங்களைத் தனியாக ஆராய்ந்து அறிக்கையே வெளியிட்டது, ஆக இது யாரோ கிளப்பிய பீதி இல்லை. அதே சமயம் எனக்கு வந்த எரிச்சலுக்கு ஃப்தாலேட் ஒன்றையே குற்றம் சொல்ல மாட்டேன். அந்த மாதிரி மலிவுப் பொருளில் சாயம், வாசனை, கரைப்பான் மிச்சம் என்று எத்தனையோ இருக்கும்.

இரண்டாவது தொந்தரவு நுண்துளை. ஜெல்லி பிவிசி, டிபிஇ, டிபிஆர் எனும் ரப்பர் போன்ற மெத்துப் பிளாஸ்டிக்குகள், ‘நிஜத் தோல்’ என்று விற்கும் கலவைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளவை. கழுவினாலும் உள்ளே போனது முழுசாக வெளியே வராது. 2014இல் வெளியான ஒரு சின்ன அமெரிக்க ஆய்வில், கழுவி 24 மணி நேரம் கழிந்த பிறகும் டிபிஇ வைப்ரேட்டர்கள் சிலவற்றில் உடலுறவில் பரவும் எச்பிவி வைரஸின் தடயம் இருந்தது, சிலிக்கோனில் அந்த நேரத்தில் இல்லை. பூஞ்சைத் தொற்று அடிக்கடி வருகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், அந்தப் பொருட்கள் பக்கமே போக வேண்டாம். டிபிஇ எல்லாமே ஃப்தாலேட் உள்ளது என்று அர்த்தமில்லை, பல ஃப்தாலேட் இல்லாமலே செய்யப்படுகின்றன, ஆனால் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய முடியாது. ஏற்கெனவே கையில் இருக்கிறது, தூக்கிப் போட மனசில்லை என்றால் ஒவ்வொரு தடவையும் புது ஆணுறை மாட்டி உபயோகியுங்கள்.

சிலிக்கோன் என்று சொல்லி வேறு எதையோ விற்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? லேப் வைத்துச் சோதிக்க நம்மால் முடியாது, ஆனால் சில அடையாளங்கள் உண்டு. நல்ல சிலிக்கோனுக்கு வாடை கிடையாது, இருந்தாலும் கழுவி இரண்டு நாள் காற்றில் வைத்தால் போய்விடும். பிசுபிசுக்காது. கண்ணாடியைப் போலத் தெளிவாக உள்பக்கம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள், டாய்களில் வருகிற சாயம் கலக்காத சிலிக்கோன் பெரும்பாலும் பால் கலந்த மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். ரொம்ப மலிவாக இருந்தாலும் சந்தேகம்தான். நெருப்பில் காட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றையும் சிலர் சொல்வார்கள், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், வீட்டுக்குள் பிவிசி எரிந்தால் வருகிற புகை நல்லதில்லை, முடிவும் நிச்சயமாக இருக்காது.

அப்புறம் நல்ல கடையாகப் பார்த்து நிஜமான சிலிக்கோனில் ஒன்று வாங்கினோம். வாடை இல்லை, பிசுபிசுப்பு இல்லை. அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பு, அதுவும் வெளிப்புறத்தில், தொடை இடுக்கு வரைக்கும். இதுதான் என்னை ஸ்கின் டாக்டரிடம் கொண்டுபோனது.

டாக்டரிடம் இதைச் சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருந்தது. அவர் பெண் டாக்டர், வயதானவர். “என்னம்மா உபயோகிக்கிறீங்க அங்கே? சோப்பு, பவுடர், க்ரீம், பேட், எதுவா இருந்தாலும் சொல்லுங்க” என்று அவரே கேட்டார். சிலிக்கோனில் ஒரு மசாஜர் இருக்கிறது என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அதை எதுல கழுவுறீங்க? மேல என்ன தடவுறீங்க?” என்பதுதான் அவரது அடுத்த கேள்வி. நிறையப் பேர் டாக்டரிடம் இந்த விஷயத்தை மறைத்துவிட்டு வெறும் அரிப்பு என்று மட்டும் சொல்வார்கள், அவரும் பூஞ்சைத் தொற்று என்று நினைத்து மருந்து கொடுப்பார், அது குறையாது. தயவுசெய்து சொல்லுங்கள். டாய் என்று சொல்ல வாய் வரவில்லை என்றால் மசாஜர் என்று சொன்னால் போதும், அவர்களுக்குப் புரியும்.

அன்றைக்கு அவர் விளக்கியதில் எனக்கு ரொம்பப் பயன்பட்டது இரண்டு வகை எதிர்வினைகளுக்கும் உள்ள நேர வித்தியாசம். ஒன்று நேரடி எரிச்சல்: காரமான ஒன்று பட்ட உடனே அல்லது சில மணி நேரத்தில் எரியும், யாருக்கு வேண்டுமானாலும் வரும். இன்னொன்று ஒவ்வாமை: உடம்பு அந்தப் பொருளை ஏற்கெனவே எதிரியாகப் பதிந்து வைத்திருக்கும், பட்ட பிறகு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் அரிப்பும் தடிப்பும் கிளம்பும். அதனால் இன்று அரித்தால் இன்று போட்டதைத் தேடாமல், முந்தின இரண்டு மூன்று நாளில் என்ன பட்டது என்று யோசிக்க வேண்டும். எனக்குப் பேட்ச் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளாக ஒட்டுவார்கள், 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது, அப்புறம் எடுத்துப் பார்த்துவிட்டு 96 மணி நேரத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். நம் ஊர் வெயிலில் இது கொஞ்சம் சிரமம், மார்கழி தை மாதத்தில் செய்துகொண்டால் நல்லது. எனக்கு வந்தவை: நிக்கல், வாசனைக் கலவை, மீதைல் ஐசோதியசோலினோன். கடைசியாகச் சொன்னது ஒரு பதப்படுத்தி, அதாவது பொருள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. ஷாம்பு, ஈரத் துடைப்பான், பாத்திரம் கழுவும் திரவம் எனப் பலவற்றில் இருக்கும். இதனால் ஒவ்வாமை பெருகியதைப் பார்த்து அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013இல் இதைத்தான் ‘அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது, தடவிவிட்டுக் கழுவாமல் விடும் அழகுப் பொருட்களில் இது இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை செய்தது.

டாயைத் துடைக்க நாங்கள் வாங்கியிருந்த பிரத்தியேகத் துடைப்பானின் பின்பக்கத்தில் அதே பெயர் இருந்தது. சிலிக்கோன் மேல் ஒரு குற்றமும் இல்லை. துடைப்பானை நிறுத்தினேன், அரிப்பு மெல்ல அடங்கியது. இதனால்தான் யாராவது ‘எனக்கு சிலிக்கோன் அலர்ஜி’ என்று சொன்னால் முதலில் எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்கிறேன். சிலிக்கோனுக்கே ஒவ்வாமை என்பது ரொம்ப அபூர்வம்.

சரி, இப்போது பொருட்களுக்கு வருவோம். பிளாட்டினத்தை வினையூக்கியாகச் சேர்த்து இறுக வைத்த சிலிக்கோன் நம்பகமானது, நுண்துளை இல்லை, மோட்டார் இல்லாத வகையைக் கொதிநீரில் போடலாம். அதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு, யாரும் சொல்வதில்லை: வெல்வெட் மாதிரி மேட் ஆக இருக்கும் சிலிக்கோன் தோலைப் பிடித்து இழுக்கும். ஈரம் கொஞ்சம் குறைந்தாலும் உராய்வு அதிகமாகிவிடும். சென்சிட்டிவ் தோலுக்கு ரசாயனத்துக்குச் சமமான எதிரி இந்த உராய்வு. அதனால் சிலிக்கோன் வாங்கினால் வழவழவென்று பளபளக்கும் மேற்பரப்பு உள்ளதைப் பாருங்கள்.

உராய்வே வேண்டாம் என்றால் கண்ணாடிதான். போரோசிலிக்கேட் கண்ணாடி, அதாவது லேபில் பீக்கர் செய்யும் வகை. ஒன்றும் கசியாது, ஒன்றும் ஊறாது, சொட்டு லூப் (உராய்வைக் குறைக்கத் தடவும் வழுவழுப்புத் திரவம்) போதும். சில்லென்று இருப்பது பிடிக்கவில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு எடுங்கள். ஒவ்வொரு தடவையும் விரலால் முழுக்கத் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எங்காவது கீறலோ சில்லு பெயர்ந்ததோ தெரிந்தால், தரையில் விழுந்திருந்தால், அதோடு அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். மேலே பெயின்ட்டில் பூப்போட்ட கண்ணாடி வேண்டாம், நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்க வேண்டும். என் விஷயத்தில் கடைசியாக நிலைத்தது மெல்லிய, சின்ன அளவிலான கண்ணாடிதான். கெட்டியாக இருப்பதால் வேகமும் அழுத்தமும் கொடுக்கக் கூடாது, மெதுவாக மட்டும்.

ஸ்டீல் பற்றி நிக்கல் அலர்ஜி உள்ளவர்கள் பயப்படுவார்கள், நானும் கேட்டேன். 316எல் என்ற வகையில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கிறது, ஆனால் மேலே குரோமியம் ஆக்சைடு படலம் காப்பதால் வெளியே வருவது மிகக் குறைவு, நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்யாது. பிரச்சினை எங்கே என்றால், என்ன வகை என்றே எழுதாத மலிவு ஸ்டீலிலும், பிளாஸ்டிக் மேல் வெள்ளி நிறத்தில் பூச்சு அடித்தவற்றிலும். டைமீதைல் கிளையாக்சைம் என்ற சோதனைத் திரவம் கிடைக்கிறது, பஞ்சில் நனைத்து உலோகத்தில் தேய்த்தால் நிக்கல் கசியும் இடத்தில் இளஞ்சிவப்பு நிறம் வரும். சோதித்த பிறகு பொருளை நன்றாகக் கழுவ வேண்டும். காதில் கவரிங் ஆகாதவர்கள் இதைச் செய்யாமல் உலோக டாய் எதையும் உபயோகிக்காதீர்கள், கண்ணாடி இருக்கும்போது அந்த ரிஸ்க் எதற்கு என்பதுதான் என் எண்ணம்.

ஏபிஎஸ் எனும் கெட்டியான பிளாஸ்டிக்கும் நல்லதே, வெளிப்புறத்துக்கு மட்டுமான சின்ன வைப்ரேட்டர்கள் பல இதில் வருகின்றன. இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் வரும் கோட்டைப் பாருங்கள், அதில் அழுக்கும் சேரும், தோலையும் கிழிக்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்து மேலே முழுக்க இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே உங்கள் தோலும் மாட்டும். சிலிக்கோனிலும் அச்சுக் கோடு துருத்தி நிற்பது உண்டு. பின்புறத்தில், அதாவது ஆசனவாயில், உபயோகிப்பதாக இருந்தால் அகலமான அடிப்பகுதி கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே போய்விடும், அறுவை அரங்கு வரை போக வேண்டிவரும்.

அதிர்வு பற்றியும் சொல்ல வேண்டும். கீறினால் கோடு எழும்பும் வகைத் தோல் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு டெர்மோகிராபிசம் என்று பெயர். இதற்குச் சொந்தக்கார வியாதியாக, அபூர்வமாகச் சிலருக்கு அதிர்வாலேயே தடிப்பும் வீக்கமும் வரும். பைக் ஓட்டினாலோ டவலால் அழுத்தித் துடைத்தாலோ கை அரிக்கிறது என்பவர்கள் வைப்ரேட்டரை முதலில் முன்கையின் உட்பக்கத்தில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கவனியுங்கள். எனக்கு அந்த அளவுக்கு இல்லை, ஆனால் அதிக வேகத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மரத்து, அப்புறம் அரிக்கும். குறைந்த வேகம், மெல்லிய பருத்தித் துணி ஒன்றின் மேலாக, இதுதான் எனக்குச் சரிப்பட்டது. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுகிற, முதல் படியே மென்மையாக இருக்கிற மாடல்களைத் தேடுங்கள். சிலவற்றில் முதல் படியே மிக்ஸி வேகம்.

லூப் விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். டாய் நல்லதாக இருக்கும், மேலே தடவுவது எரியும். தண்ணீர் சார்ந்த லூப்களில் கிளிசரினும் புரோபிலீன் கிளைகாலும் நிறையப் போட்டால் அதன் ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைந்திருக்கும் பொருளின் அடர்த்தி, உயர்ந்து, சவ்விலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும், மேலடுக்கு உதிரும். உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட குறிப்பு, இது கிலோவுக்கு 1200 மில்லிஆஸ்மோலைத் தாண்டக் கூடாது, முடிந்தால் 380க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது. யோனியின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 3.8 முதல் 4.5 வரை, லூப்பும் அதை ஒட்டி இருக்க வேண்டும். இந்த எண்களை அச்சடிக்கிற கம்பெனிகள் குறைவு, அச்சடித்திருந்தால் அதுவே நல்ல அறிகுறி. ஸ்ட்ராபெர்ரி மணம், ‘சூடேற்றும்’, ‘குளிரூட்டும்’, ‘மரத்துப்போகச் செய்யும்’ என்று எழுதிய எதையும் தொடாதீர்கள். மரத்துப்போகச் செய்பவை பலவற்றில் பென்சோகெய்ன் இருக்கும், அது தானே ஒவ்வாமை தரக்கூடியது, அதோடு தோல் புண்ணாவதும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

என் மாதிரிப் பதப்படுத்தி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு சிலிக்கோன் லூப் நல்ல வழி. அதில் தண்ணீரே இல்லாததால் பதப்படுத்தி தேவைப்படாது, பட்டியலில் இரண்டு மூன்று பெயர்தான் இருக்கும், சீக்கிரம் காயவும் காயாது. ஆனால் சிலிக்கோன் டாய் மேல் சிலிக்கோன் லூப் போட்டால் மேற்பரப்பு கெட்டுப் பிசுபிசுக்க வாய்ப்பு உண்டு. கண்ணாடிக்கும் ஸ்டீலுக்கும் அந்தப் பிரச்சினை இல்லை. கண்ணாடி டாய், மணமில்லாத சிலிக்கோன் லூப், இந்த ஜோடியைத்தான் எதற்கும் அரிக்கும் தோலுக்கு முதலில் சொல்வேன். தரையில் சிந்தினால் வழுக்கும், உடனே துடைத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் நம் வீடுகளில் எல்லாரும் நினைப்பது. மணம் சேர்க்காத சுத்தமான எண்ணெய் பலருக்கு ஒத்துப்போகிறது, சிலருக்கு ஆகாது. ஆனால் லேடெக்ஸ் ஆணுறையோடு எந்த எண்ணெயும் கூடாது, உறை பலவீனமாகிக் கிழிந்துவிடும். தலைக்குத் தடவும் மூலிகை எண்ணெயும் பேபி ஆயிலும் வேண்டவே வேண்டாம். கற்றாழை இயற்கையானது என்று பறித்து நேராகத் தடவுவதும் எனக்குச் சம்மதமில்லை: தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால் எரியும், கடையில் விற்கும் பச்சை ஜெல்லில் கற்றாழையைவிட மணமும் நிறமும்தான் அதிகம்.

எந்த லூப் ஆனாலும் முதலில் முன்கையில் சோதியுங்கள். முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு தடவை தடவிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வது போதாது, ஒவ்வாமை தாமதமாகத்தான் கிளம்பும் என்று முன்னால் சொன்னேன். டாயையும் லூப்பையும் ஒரே நாளில் புதிதாகத் தொடங்காதீர்கள். இரண்டும் புதுசாக இருந்து அரித்தால் எதைக் குற்றம் சொல்வது?

லேடெக்ஸ் பற்றித் தனியாக. பலூன் ஊதினால் உதடு தடிக்கிறது, ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்கிறது, வாழைப்பழமோ அவகாடோவோ கிவியோ சாப்பிட்டால் வாய் நமைக்கிறது என்பவர்கள் லேடெக்ஸ் ஒவ்வாமை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டாய்க்கு மேல் மாட்டும் ஆணுறை பாலியூரித்தேன் அல்லது பாலிஐசோபிரீன் வகையாக இருக்கட்டும். தடிப்போடு மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், யோசிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கழுவுவதற்கு ஆடம்பரம் தேவையில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், மணமில்லாத மிதமான சோப்பு, சோப்பு போகும்வரை அலசல், அவ்வளவுதான். காயம் கழுவும் ஆன்டிசெப்டிக் திரவத்தில் முக்கி எடுப்பதை நம் ஊரில் நிறையப் பேர் சுத்தம் என்று நினைக்கிறார்கள், அதன் மிச்சம் ஒட்டியிருந்தால் சவ்வைப் பொசுக்கிவிடும். மோட்டார் இல்லாத சிலிக்கோனையும் ஸ்டீலையும் தனியாக ஒரு பாத்திரம் வைத்துக்கொண்டு சில நிமிடம் கொதிக்க விடலாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் காய்ந்த பிறகு கண்ணாடி மேல் வெள்ளையாகச் சொரசொரப்பு படியும், கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். நன்றாகக் காய வைத்துத் தனித்தனிப் பருத்திப் பையில் வையுங்கள், அந்தப் பையையும் வாசனை டிடர்ஜென்ட், கம்ஃபர்ட் வகைத் திரவம் இல்லாமல் துவையுங்கள். வெவ்வேறு பொருள் டாய்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்காதீர்கள். முடி எடுத்த அன்று, வேக்ஸ் ஆனாலும் ரேஸர் ஆனாலும், எதையும் உபயோகிக்க வேண்டாம், தோலில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் இருக்கும்.

வாங்குவதில் இந்தியாவில் ஒரு சங்கடம் உண்டு. டாய் என்ற பெயர் எந்தச் சட்டத்திலும் நேரடியாக இல்லை, ஆனால் ஆபாசப் பொருள் விற்பனை பற்றிய பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 292, 2024 ஜூலை முதல் புதிய நியாய சன்ஹிதாவில் 294, விற்பவர்கள் தலைக்கு மேல் தொங்குகிறது. அதனால் எல்லாம் ‘மசாஜர்’ என்ற பெயரில் வருகின்றன. சுங்கத் துறை பிடித்து வைத்த பாடி மசாஜர்கள் வழக்கில் 2024இல் மும்பை உயர் நீதிமன்றம் இறக்குமதி செய்தவர் பக்கம் தீர்ப்பளித்தது. எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், முதுகுக்கு மசாஜர் என்று விற்றுவிட்டால் உடம்புக்குள் போகும் பொருளுக்கு என்ன பாதுகாப்பு என்று யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் ஐஎஸ்ஓ 3533 என்று இந்தப் பொருட்களுக்கென்றே ஒரு சர்வதேசத் தரம் வந்திருக்கிறது, பின்பற்றுவது கம்பெனியின் விருப்பம். விற்பவருக்கு நேராக எழுதிக் கேளுங்கள்: முழுக்க சிலிக்கோனா, மேலே பூச்சு மட்டுமா? உள்ளே என்ன? ஸ்டீல் எந்த எண்? தெளிவாகப் பதில் வராத கடையை விட்டுவிடுங்கள், பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லா எரிச்சலும் டாயால் வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா மாதவிடாய் நின்ற பிறகு வந்த வறட்சியை லூப் பற்றாக்குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தார், மகப்பேறு டாக்டர் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் க்ரீமில்தான் சரியானது. திரும்பத் திரும்பப் பூஞ்சைத் தொற்று வந்தால் சர்க்கரை பார்த்துவிடுங்கள். வெள்ளையாகத் தோல் மெலிந்து, இரவில் தாங்க முடியாத அரிப்பு இருந்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் எனும் தோல் நோயாக இருக்கலாம், அதற்கு முறையான சிகிச்சை உண்டு, தள்ளிப்போடக் கூடாது. உள்ளே எதையும் வைக்க முடியாதபடி தசை இறுகிக்கொள்கிறவர்கள் டாயை வைத்துப் பழக்கப்படுத்திக்கொள்ள முயலாமல், டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொல்லித்தரும் டைலேட்டர் (சின்ன அளவிலிருந்து படிப்படியாகப் பெரிதாகும் குழல்) பயிற்சிக்குப் போவது நல்லது. மருந்துக் கடையில் ‘அரிப்புக்கு ஒரு க்ரீம்’ என்று கேட்டு வாங்கும் படர்தாமரை ட்யூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அந்த இடத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தடவினால் தோல் இன்னும் மெலிந்துபோகும்.

ஒருவேளை எரிந்துவிட்டது என்றால், வெறும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஈரப் பருத்தித் துணியை மேலே வையுங்கள், ஐஸை நேராக வைக்க வேண்டாம். அப்புறம் மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாக, தளர்வான பருத்தி உள்ளாடை, முழுசாக ஆறும்வரை உடலுறவும் வேண்டாம், டாயும் வேண்டாம். புண்ணோ, கெட்ட வாடையோ, காய்ச்சலோ, இரண்டு மூன்று நாளில் குறையாத எரிச்சலோ இருந்தால் டாக்டரிடம் போங்கள். போகும்போது டாயின் பெட்டி, லூப், சோப்பு, துடைப்பான் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தப் பொடி எழுத்துப் பட்டியலை வைத்துத்தான் அவர்கள் காரணத்தைத் தேடுவார்கள்.